நம்பர் பிளேட் மாட்டும் முன் ஒரு மணி நேரம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் கொஞ்சம் விரித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நம் பேஸ்மென்ட்டில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. பழைய கியர் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய், அந்த இடத்தில் சின்ன ஆட்டோமேட்டிக் கார்கள் வந்து நிற்கின்றன. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே பாதிப் பேருக்கு இடது முட்டி ஒத்துழைப்பதில்லை. சிக்னலுக்குச் சிக்னல் கிளட்ச் மிதித்து மாளவில்லை. ஓய்வுபெறும்போது கையில் வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, இதுதான் நமக்குக் கடைசிக் கார் என்று சொல்லி வாங்குகிறோம்.

இதைப் பற்றிப் பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலர் நினைக்கலாம். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனால் நம் குடியிருப்பில் நாலைந்து பேர் புதுக் கார் எடுக்கும் முன் என்னை யார்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். எதையும் எண்ணிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் அதற்கு வேறு பெயர்.

எந்த வங்கிக்குப் போனாலும் கேஷ் கவுண்டர் பக்கத்தில் ஒரு போர்டு இருக்கும். பணத்தை எண்ணிச் சரிபார்த்த பிறகே கவுண்டரை விட்டு நகரவும் என்று. கட்டில் ஒரு நோட்டு குறைந்திருந்தால் அங்கேயே சொன்னால் நாங்கள் மறுபடி எண்ணுவோம். வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தமில்லை, நிரூபிக்க வழியில்லை, அவ்வளவுதான். புதுக் காருக்கும் அப்படி ஒரு கவுண்டர் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

டெலிவரி நாள்தான் அந்தக் கவுண்டர் என்று நினைக்கிறோம். அது தவறு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, நம் மாநிலத்து டீலரிடம் நம் மாநிலத்திலேயே பதிவு செய்யும் புது வண்டிக்கு, பதிவு விண்ணப்பத்தை டீலரே கொடுக்க வேண்டும். நம்பர் பிளேட் மாட்டாமல் வண்டியை உங்களிடம் ஒப்படைக்கவும் கூடாது. நல்ல ஏற்பாடுதான், அலைச்சல் மிச்சம். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. டெலிவரி நாளில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து நிற்கிற வண்டியை நீங்கள் முதல்முறையாகப் பார்க்கும்போதே அது ஆர்.டி.ஓ. பதிவேட்டில் உங்கள் பெயருக்கு வந்துவிட்டது. சாலை வரி கட்டியாகிவிட்டது. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு வரி 13 சதவீதம். 7 லட்ச ரூபாய் வண்டி என்றால் ஏறக்குறைய 90 ஆயிரம். இன்ஷூரன்ஸ் போட்டாகிவிட்டது. இத்தனையும் முடிந்த பிறகு கதவில் கீறல், கியர் விழவில்லை என்றால் டீலர் சரிசெய்து தருவார், மாற்றித் தர மாட்டார். அவர் பார்வையில் அது இப்போது பழைய வண்டி.

ஆகவே கவுண்டர் எங்கே என்றால், வண்டியின் சேஸிஸ் எண்ணை உங்களுக்கு ஒதுக்கிய பிறகு, மீதிப் பணம் கட்டி இன்வாய்ஸ் போடுவதற்கு முன்னால். அந்த இடைவெளி சில நாள்தான் இருக்கும். அதற்குள் ஒரு மணி நேரம் யார்டுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட வேண்டும்.

இதைப் புக்கிங் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னால் போதாது. விற்பனை மேலாளருக்கு இரண்டு வரி மெயில்: சேஸிஸ் எண்ணைத் தெரிவிக்கவும், வண்டியை நான் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே இன்வாய்ஸும் பதிவும் செய்யவும். பெரும்பாலான டீலர்கள் ஒப்புக்கொள்வார்கள். சிலர், யார்டு ஊருக்கு வெளியே இருக்கிறது சார், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். பரவாயில்லை, நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள். பார்க்கவே விட மாட்டோம் என்கிற டீலராக இருந்தால், என்னைக் கேட்டால், அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த டீலரிடம் போவேன். அதே கார் அங்கேயும் கிடைக்கும்.

கடன் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. புரொஃபார்மா இன்வாய்ஸைப் பார்த்துவிட்டு வங்கி நேரே டீலர் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிடும். அனுப்பிய நாளிலிருந்து வட்டி ஓடும். பணம் போய்விட்டால் டீலரும் அவசரமாக இன்வாய்ஸ் போட்டுவிடுவார். வண்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதன்பிறகு தொகையை விடுங்கள் என்று கிளையில் எழுதிக் கொடுங்கள். கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிக் கேட்பது ஒன்றும் விநோதமான வேண்டுகோள் இல்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நாள் பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகூர்த்த நாள், ஆயுத பூஜை என்று டெலிவரிக்கு நாள் குறிப்பது நம் வழக்கம். நானும் பார்ப்பேன். ஆனால் அந்த நாளைக் குறித்துவிட்டு அதற்கு முந்தின நாள் யார்டுக்குப் போனால், குறை தென்பட்டாலும் வாய் வராது. நாளைக்குப் பூஜை, சம்பந்தி வருகிறார், எப்படி வேண்டாம் என்பது? முதலில் வண்டி சரியாக இருக்கட்டும், பிறகு நாள் குறிக்கலாம். ஆடி மாதத் தள்ளுபடி, டிசம்பர் தள்ளுபடி இரண்டும் நல்லதுதான். விற்காமல் நின்ற வண்டிகள் அப்போதுதான் வெளியே தள்ளப்படுகின்றன என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, யார்டுக்குப் போகிறோம். காலை வெயிலில் போங்கள். சாயங்காலம், மழை நேரம், டியூப் லைட் வெளிச்சம் எதுவும் உதவாது. வண்டியைக் கழுவி, நிழலிலிருந்து வெளியே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள். கையில் ஒரு டார்ச், பழைய செய்தித்தாள், ஒரு பேனா, மொபைல். முடிந்தால் வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். நீங்கள் கியர் லீவரோடு போராடும்போது அவர் வெளியே நின்று லைட் எரிகிறதா என்று பார்க்கட்டும்.

முதல் வேலை காகிதம். சேஸிஸ் எண் 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. வண்டியில் பொறித்திருப்பதும் உங்களுக்கு அனுப்பியதும் ஒவ்வொரு எழுத்தாக ஒன்றுதானா பாருங்கள். தயாரித்த மாதமும் வருடமும் அந்த எண்ணுக்குள்ளேயே குறியீடாக இருக்கும். வருடத்துக்கு ஆங்கில எழுத்து. ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025. எந்த இடத்தில் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விற்பனைச் சான்றிதழான படிவம் 21-லும் தயாரித்த மாதம், வருடம் இருக்கும். போன வருடத்து வண்டியை இந்த வருடம் வாங்குவது குற்றமில்லை, ஆனால் அதற்கான விலைக் குறைவு உங்களுக்கு வர வேண்டும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்து டயர். பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். ஸ்டெப்னி உட்பட எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டயர் காருக்குக் கொஞ்சம் முன்னால் தயாராகியிருக்க வேண்டும், அதுதான் நியாயம். காரைவிட இளைய டயர் ஒன்று மாட்டியிருந்தால், முதலில் இருந்த டயர் எங்கே போனது, ஏன் போனது என்று கேளுங்கள். நாங்கள் வங்கியில் வவுச்சர் தேதியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது மாதிரிதான் இது. கண்ணாடிகளிலும் ஓரத்தில் தயாரிப்பாளர் முத்திரை உண்டு. இடது கதவில் ஒரு கம்பெனி, வலது கதவில் வேறு கம்பெனி என்றால் அதுவும் ஒரு கேள்வி.

ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் ஓட்டிப் பார்த்தது, லாரியில் ஏற்றி இறக்கியது, யார்டுக்குள் நகர்த்தியது எல்லாம் சேர்த்துச் சில பத்து கிலோமீட்டர் இருக்கலாம். நூறைத் தாண்டினால் காரணம் சொல்லட்டும்.

பெயின்ட்டைப் பார்ப்பது ஒரு கலை என்று சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை, பொறுமைதான் வேண்டும். நேராக நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து, சாய்வாக, வெயில் பட்டுத் தெறிக்கும் கோணத்தில் பாருங்கள். எதிரே உள்ள மின்கம்பம் கதவில் நேராகத் தெரிகிறதா, ஓர் இடத்தில் நெளிகிறதா? பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா? கதவு ஓரத்து ரப்பரில் பெயின்ட் துளி தெறித்திருக்கிறதா? பானெட் கீலில் உள்ள போல்ட் தலைகளில் பெயின்ட் உடைந்து ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பாகத்தை யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

என் உறவினர் ஒருவருக்கு நடந்தது. வேறு ஊர், வேறு டீலர். புது வண்டி என்று எடுத்து இரண்டு வருடம் கழித்து, பின்கதவு மட்டும் வேறு நிறமாக வெளுக்க ஆரம்பித்தது. பெயின்ட் கடைக்காரர் பார்த்துவிட்டு, இது ஏற்கெனவே ஒருமுறை அடித்தது சார் என்றார். டீலரிடம் போனால், அவர்கள் ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று டெலிவரி நாளில் அவரே போட்ட கையெழுத்து. அன்றைக்கு நீட்டிய பத்துத் தாளில் அதுவும் ஒன்று. அவரால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

சென்னைக்காரர்களான நமக்கு இன்னொரு சோதனை அவசியம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக் கார்கள் மூழ்கியது போல் தாழ்வான யார்டுகளிலும் தண்ணீர் புகும். மழைக்காலத்துக்குப் பிறகு வாங்கினால், சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறிய வண்டியில் பெல்ட்டில் கறைக்கோடு நிற்கும், அதை யாரும் துவைப்பதில்லை. கால் மிதியடியைத் தூக்கிக் கார்ப்பெட்டைக் கையால் அழுத்துங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் டார்ச் அடித்து வண்டல் இருக்கிறதா பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை நடத்துவதே ஒரு மின்னணுப் பெட்டிதான். அதற்குள் ஈரம் போனால் இன்றைக்கு ஓடும், ஆறு மாதம் கழித்து நிற்கும்.

பானெட்டைத் திறந்தால் எலிப் புழுக்கை இருக்கிறதா, வயர் கடிபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், மாதக்கணக்கில் நின்ற வண்டி எலிக்கு வீடு. பிறகு எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவு. பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவாக இருக்கிறது, 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் பாதிக்கு இறங்கிவிட்டது. வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். கடைசியில் எடுக்கும்போது ஏ.சி. தண்ணீர் சொட்டியிருந்தால் பரவாயில்லை, எண்ணெய் என்றால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு தெரிந்து பயப்பட வேண்டாம், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

இனி ஆட்டோமேட்டிக் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நம்மவர்களுக்குக் குழப்பம் அதிகம். எது இயல்பு, எது கோளாறு என்று தெரியாததால், இயல்பைக் கோளாறு என்று நினைத்துச் சண்டை போடுகிறோம், கோளாறை இயல்பு என்று நம்பி வீட்டுக்கு ஓட்டி வருகிறோம்.

சின்னக் கார்களில் பெரும்பாலும் வருவது ஏ.எம்.டி. 2014-ல் மாருதி செலேரியோவில்தான் இந்தியாவில் இது முதலில் வந்தது. இப்போது வேகன் ஆர், ஆல்டோ கே10, டியாகோ, எக்ஸ்டர் என்று பலவற்றிலும் இருக்கிறது. உள்ளே இருப்பது சாதாரண கியர் பெட்டிதான், கிளட்ச்சும் இருக்கிறது. உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி கிளட்ச்சை அழுத்தி கியரை மாற்றுகிறது. அதனால் கியர் மாறும்போது ஒரு நொடி இழுப்பு விட்டு மறுபடி பிடிக்கும். நம் தலை தஞ்சாவூர் பொம்மை மாதிரி லேசாக ஆடும். அது அதன் சுபாவம். ஹோண்டா அமேஸ் மாதிரி சிலவற்றில் சி.வி.டி. வரும். அதில் கியர் படிகளே கிடையாது, இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் பெல்ட். அழுத்தி மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் ஏறும், வேகம் பின்னால் வரும். அதுவும் சுபாவம். இந்தச் சுபாவம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ். அது வேறு வண்டி. யார்டில் நிற்பது உங்கள் வண்டி. முன்னதில் குணம் பார்க்கிறோம், பின்னதில் குறை பார்க்கிறோம்.

பதிவாகாத வண்டியைச் சாலையில் நாம் எடுத்துப் போக முடியாது, யார்டுக்குள்தான் ஓட்ட முடியும். ஐம்பது மீட்டர் இடம் போதும்.

முதலில் இக்னிஷன் போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாத விளக்கைப் பார்க்கிறோம், எரியவே எரியாத விளக்கைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். கியர் டிரைவில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள், ஆகக் கூடாது.

பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து டிரைவ், மறுபடி நியூட்ரல், அங்கிருந்து ரிவர்ஸ். இப்படிப் பத்து முறை, அவசரப்படாமல். லீவர் இருக்கும் இடமும் டாஷ்போர்டில் காட்டும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு விநாடிக்குள் கியர் விழ வேண்டும். எழுத்து மின்னிக்கொண்டே இருந்தாலோ, கறமுற என்று பல் உரசும் சத்தம் வந்தாலோ, ஒரு முறை விழுந்து ஒரு முறை விழாமல் போனாலோ அது சுபாவம் இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, பதினைந்து நிமிடம் ஏ.சி. போட்டு ஓடவிட்டபின் ஒரு தடவை செய்யுங்கள். பல கோளாறுகள் சூடான பிறகுதான் முகத்தைக் காட்டும்.

பக்கத்து பிளாக்கில் இருக்கும் டீச்சரம்மாவோடு போனபோது நடந்ததை அவர் அனுமதியோடு சொல்கிறேன். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் அவர் வாங்கும் முதல் கார். பெயின்ட் அழகு, டயர் சரி, எல்லாம் சரி. குளிர்ந்த எஞ்சினில் ரிவர்ஸ் ஒழுங்காக விழுந்தது. சூடான பிறகு ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ டாஷ்போர்டில் நியூட்ரல் எழுத்து மின்னியது, வண்டி நகரவில்லை. மறுபடி போட்டால் விழுந்தது. விற்பனைப் பையன் நல்ல பையன்தான். "புது வண்டி சார், ஓட ஓட செட் ஆகிடும்" என்றான்.

இந்த வாக்கியத்தை எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கதவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் ஓட ஓடச் சரியாகும். ரிவர்ஸ் விழாத கியர் பெட்டி ஓட ஓடச் சரியாகாது. நான் அவனிடம் வாதாடவில்லை. உங்கள் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள் என்றேன். அரை மணி கழித்து வந்தார்கள். மாட்டியதும் கியர் சம்பந்தமாக ஒரு பிழைக்குறி பதிவாகியிருந்தது. அதை அழித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்றார்கள். டீச்சரம்மா அமைதியாக, "அப்போ இதை நீங்க வச்சுக்கோங்க தம்பி, எனக்கு வேற சேஸிஸ் நம்பர் குடுங்க" என்றார். இன்வாய்ஸ் போடவில்லை, பெயர் ஏறவில்லை. அதனால் அவர்களால் மறுக்க முடியவில்லை. பன்னிரண்டு நாள் காத்திருந்தார், வேறு வண்டி வந்தது. இன்றைக்கு அதில்தான் கோவிலுக்குப் போய் வருகிறார். நம்பர் பிளேட் மாட்டிய பிறகு இதே கோளாறு தெரிந்திருந்தால் அவர் சர்வீஸ் சென்டர் வாசலில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

மற்ற சோதனைகள் சுருக்கமாக. சமதரையில் டிரைவில் போட்டுப் பிரேக்கை மெதுவாக விட்டால், ஆக்சிலரேட்டர் தொடாமலே வண்டி ஊர்ந்து போக வேண்டும். இப்போதைய மாடல்களில் பெரும்பாலும் இந்த வசதி உண்டு. ஊரும்போது வண்டி உடம்பு நடுங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். யார்டில் சின்னச் சரிவு இருந்தால் அதில் நிறுத்திப் பாருங்கள். சரிவில் பிடித்துவைக்கும் வசதி உள்ள வண்டி பிரேக்கை விட்ட பிறகு சுமார் இரண்டு விநாடி நிற்க வேண்டும். நம் பேஸ்மென்ட் ரேம்ப் எவ்வளவு செங்குத்து என்று உங்களுக்கே தெரியும், இது வேலை செய்யாவிட்டால் பின்னால் வருபவர் பம்பருக்குத்தான் ஆபத்து. சி.வி.டி. வண்டியில் பார்க் நிலை இருக்கும், ஹேண்ட் பிரேக் போடாமல் சரிவில் அது பிடிக்கிறதா பாருங்கள். ஏ.எம்.டி. வண்டிகளில் பெரும்பாலும் பார்க் என்ற நிலையே கிடையாது, கியரில் விட்டு அணைத்து ஹேண்ட் பிரேக்கையும் இழுக்க வேண்டும். ஆகவே ஹேண்ட் பிரேக்கை நன்றாகச் சோதியுங்கள்.

ரேம்ப் என்றதும் ஞாபகம் வருகிறது. கேட் திறக்கும்வரை ரேம்ப்பில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்துவைக்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. ஏ.எம்.டி.யில் அப்படிச் செய்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்து கருகும். பிரேக்கை மிதியுங்கள்.

சுவிட்சுகள், கண்ணாடி ஏற்றி இறக்குவது, வைப்பர், ஹார்ன், இரண்டு சாவி, ஜாக்கி, டூல் கிட், நீங்கள் பணம் கட்டிய வேரியன்ட்டில் இருப்பதாகச் சொன்ன வசதிகள், எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் சென்சார் 2019 ஜூலையிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயம். பின்னால் ஆளை நிறுத்தாமல் ஓர் அட்டைப் பெட்டியை வைத்துச் சோதியுங்கள்.

குறை இருந்தால் படம் எடுத்து அங்கேயே மெயில் அனுப்புங்கள். டீலர் தன் பங்குக்குச் செய்த டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைத் தாளின் நகலையும் கேளுங்கள். சின்னக் கீறல் என்றால் பாலிஷ் செய்து தரட்டும் என்று விடலாம், எல்லாவற்றுக்கும் வண்டியை மாற்று என்று நிற்க வேண்டாம். கியர், எஞ்சின், மறு பெயின்ட், தண்ணீர் ஏறிய அடையாளம், இந்த நாலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பில்லில் ஒரு பார்வை. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தனியாக செஸ் கிடையாது. தள்ளுபடி என்று சொன்னது இன்வாய்ஸில் எழுத்தாக வந்திருக்கிறதா பாருங்கள். இன்ஷூரன்ஸை டீலரிடமேதான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

இவ்வளவு பார்த்தும் வாங்கிய பிறகு கோளாறு வரலாம். வேகத்தில் மட்டும் தெரியும் கோளாறுகளை யார்டில் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதல் வாரத்திலேயே நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் "இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பலமாக உதறுகிறது" என்று சொல்வீர்கள். அவர்கள் "ஜெனரல் செக்கப்" என்று எழுதுவார்கள். நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதச் சொல்லி நகலை வாங்கி ஃபைலில் போடுங்கள். ஒரே கோளாறுக்கு மூன்று ஜாப் கார்டு இருந்தால் கம்பெனியும் வேறு குரலில் பேசும். அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே போகலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். ஆனால் அங்கே போனாலும் தயாரிப்புக் குறை என்பதை நிபுணர் அறிக்கையோடு காட்டச் சொல்வார்கள். வருடக்கணக்கில் இழுக்கவும் செய்யலாம். யார்டில் ஒரு மணி நேரம் நிற்பதோடு இதை ஒப்பிட்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே சொன்னதையெல்லாம் ஒரு பக்கத்தில் டைப் செய்து சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன், நகல் எடுத்துக்கொள்ளலாம். யாராவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், வருகிறேன். டார்ச்சும் செய்தித்தாளும் என்னிடம் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் மட்டும். உச்சி வெயிலில் யார்டில் நிற்க டாக்டர் அனுமதி இல்லை, டாக்டரைவிடக் கண்டிப்பானவர் வீட்டில் இருக்கிறார்.